துப்பறியும் படத்தில் வரும் துப்பாக்கியின் வயதைக் கணிப்பது எப்படி?

பழைய லண்டனிலோ, மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவிலோ, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த கல்கத்தாவிலோ நடக்கும் துப்பறியும் படங்களில் உடைகளுக்கும் குதிரைவண்டிக்கும் தெருவிளக்குக்கும் காட்டப்படும் அக்கறை பெரும்பாலும் துப்பாக்கிக்குக் கிடைப்பதில்லை. திரையில் அது தலைகாட்டுவது சில நொடிகளே என்பதால், வாடகைக்கு எது கிடைத்ததோ அதையே நடிகரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் காட்சியை நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தச் சில நொடிகளே போதும். எந்த மாதிரி, எந்த ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்டது, அசலா டம்மியா, கதை நடக்கும் காலத்தில் அந்தப் பாத்திரத்தின் கையில் அது இருந்திருக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு ஓரளவு உறுதியான விடையைப் படத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு விதி உண்டு. துப்பாக்கியின் வயதை அதன் பழைமையான உறுப்பை வைத்துக் கணிக்கக் கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளில் எது கடைசியாகப் புழக்கத்துக்கு வந்ததோ, அதை வைத்தே கணிக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் நிலைக்கதவு நூறாண்டு பழையதாக இருந்தாலும், சுவரில் மின்விசைப் பலகை தெரிந்தால் அந்தக் காட்சி மின்சாரம் வந்த பிறகுதான் என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதே கணக்குதான் இங்கும்.

படத்தை ஓடவிடுவதற்கு முன்னால்

முதலில் கதையின் ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘விக்டோரியா காலம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. 1881க்கும் 1899க்கும் இடையே பிரிட்டிஷ் ராணுவத்தின் ரிவால்வர் பலமுறை மாறிவிட்டது. படத்தில் ஆண்டு சொல்லப்படாவிட்டால் செய்தித்தாள், கடிதத்தின் தேதி, ஆட்சியில் இருப்பவரின் பெயர் ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம்.

அடுத்து, மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் இந்தத் துப்பாக்கி இருந்ததா? இருந்தது என்றால் அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்குமா? வந்திருந்தாலும் இந்த மனிதர் இதை வைத்திருப்பாரா? இணையத்தில் எழுதுகிறவர்களில் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என் கணிப்பில் மூன்றாவதுதான் முக்கியமானது. நான்கைந்து ஆண்டு பிந்திய மாதிரியைப் பயன்படுத்துவது சின்னப் பிசகு. ஆயுதமே ஏந்தாத காவலரின் இடுப்பில் ரிவால்வரைத் தொங்கவிடுவது அந்தச் சமூகத்தையே தவறாகக் காட்டுவது.

லண்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1880களின் நடுவில், லண்டன் மாநகரக் காவல்துறை புறநகர் வட்டாரங்களில் இரவு ரோந்து சென்ற காவலர்களில் கேட்டவர்களுக்கு மட்டும், மேலதிகாரி தகுதியானவர் என்று ஏற்றால் ரிவால்வர் கொடுத்தது. நகரின் நடுவே பகலில் நடக்கும் காவலரிடம் தடியும் ஊதலும்தான். அதே காலத்தில் பொதுமக்கள் துப்பாக்கி வாங்குவது எளிதாக இருந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்ல அஞ்சலகத்தில் 10 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்கினால் போதும். கைத்துப்பாக்கி விற்பனைக்குக் கட்டுப்பாடு 1903இல் வந்தது. காவல்துறையின் சான்று தேவை என்ற நிலை 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. ஆகவே 1890இல் ஒரு தனியார் துப்பறிவாளர் மேலங்கிப் பையில் ரிவால்வரோடு கிளம்புவதில் பிழை இல்லை. அவரோடு வரும் சீருடைக் காவலர்கள் அனைவரும் துப்பாக்கி ஏந்தி நிற்பதில்தான் பிழை இருக்கிறது.

திறக்கும் விதத்தைப் பாருங்கள்

காட்சியை நிறுத்தியதும் பெயரைத் தேடக் கூடாது. அது சுழலும் உருளையில் தோட்டா வைக்கும் ரிவால்வரா, தோட்டாப் பெட்டி செருகும் தானியங்கிப் பிஸ்டலா என்று முதலில் பிரியுங்கள். ரிவால்வர் என்றால் அடுத்த கேள்வி, அது எப்படித் திறக்கிறது என்பது. மூன்று வழிகள் உண்டு. சட்டகம் ஒரே துண்டாக இருந்து, உருளையின் பின்னால் வலப்பக்கத்தில் உள்ள சிறு கதவு வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடுவது ஒரு வகை. 1870களின் ஆடம்ஸ், வெப்ளியின் ஆர்.ஐ.சி. (அயர்லாந்துக் காவல்படையின் பெயரைக் கொண்ட மாதிரி), ‘புல்டாக்’ ஆகியவையும், அமெரிக்காவின் 1873ஆம் ஆண்டுக் கோல்ட்டும் இந்த வகை. குழலும் உருளையும் சேர்ந்து முன்னால் மடிந்து, சுட்ட தோட்டாக்களின் காலிக்கூடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலெழும்புவது இரண்டாவது வகை. பிரிட்டிஷ் வெப்ளி என்றாலே நினைவுக்கு வருவது இதுதான். உருளை மட்டும் இடப்பக்கமாக வெளியே சாய்வது மூன்றாவது வகை. 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போலீஸ் ரிவால்வர்கள் அனைத்தும் ஏறக்குறைய இப்படித்தான்.

துப்பாக்கியைத் திறந்து காட்டும் காட்சி படத்தில் இல்லாவிட்டாலும் வகை தெரியும். மடிந்து திறப்பதற்கு உருளைக்கு முன்னால் கீழே ஒரு கீல் இருக்கும். மேலே, தோட்டாவை அடிக்கும் சுத்திக்கு முன்னால் ஒரு பூட்டு இருக்கும். வெப்ளியில் அந்தப் பூட்டு சட்டகத்தின் மேல்பகுதியைக் கவ்விக்கொண்டு நிற்கும் தடித்த வளையம் போலவும், அதை விடுவிக்கும் நெம்பு இடப்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்திலும் தெரியும். பக்கவாட்டில் சாய்வதற்கு இடப்பக்கத்தில், உருளைக்குப் பின்னால், ஒரு சிறு குமிழ் இருக்கும்.

வெப்ளி குடும்பம்

ஆங்கிலத் துப்பறியும் படங்களில் பிழைகள் குவிந்து கிடப்பது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரிட்டிஷ் ராணுவம் .455 அங்குல அளவுள்ள வெப்ளி மார்க் 1ஐ (‘மார்க்’ என்பது மாதிரியின் வரிசை எண்) 1887இல் ஏற்றது. மார்க் 4 வந்தது 1899இல், போயர் போர்க் காலத்தில். மார்க் 5 வந்தது 1913இல். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய, கனத்த மார்க் 6 வந்தது 1915இல். முதல் உலகப் போரில் அது லட்சக்கணக்கில் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் உபரியாகச் சந்தையில் கொட்டியதால், படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் நிறுவனங்களில் மிக எளிதாகக் கிடைத்ததும் அதுதான். 1880களின் கதையில் மார்க் 6 வந்து நிற்பதற்கு அறியாமையைவிட இந்தக் கிடைக்கும் வசதியே பெரிய காரணம்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கதை 1888இல், லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் நடக்கிறது. ஆய்வாளர் சந்துக்குள் நுழைந்து ரிவால்வரை உருவுகிறார். அவருடைய முழங்கை தொடங்கி குழலின் நுனி வரை தெரியும் பக்கவாட்டுக் காட்சி ஒன்றில் நிறுத்துங்கள். முதலில் கைப்பிடியின் அடிப்பகுதியைப் பாருங்கள். மார்க் 1 முதல் மார்க் 5 வரையிலான ராணுவ வெப்ளிகளில் கைப்பிடி பறவையின் அலகு போல வளைந்து குறுகி முடியும்; மார்க் 6இல் அது அகன்று, அடிப்பக்கம் வெட்டியது போலச் சதுரமாக இருக்கும். அடுத்து குழலின் நீளம். மார்க் 1இன் வழக்கமான குழல் 4 அங்குலம். மார்க் 6இன் குழல் 6 அங்குலம். நீளத்தை மனக்கணக்காகச் சொல்ல வேண்டாம். உருளையின் நீளத்தோடு ஒப்பிட்டு அளந்தால் கேமராவின் கோணம் ஏமாற்றாது. மூன்றாவதாக, குறிபார்க்கக் குழலின் நுனியில் நிற்கும் முன்குறியைப் பாருங்கள். மார்க் 6இல் அது தனித் தகடு. அதைப் பிடித்திருக்கும் சிறு திருகு நெருக்கக் காட்சியில் புள்ளியாகத் தெரியும். இவை மூன்றும் சேர்ந்து அமைந்தால், ஆய்வாளர் 27 ஆண்டுகளுக்குப் பிறகு பிறக்கப்போகும் துப்பாக்கியை ஏந்தி நிற்கிறார் என்று தயங்காமல் எழுதலாம்.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ‘வெப்ளி கிரீன்’ என்று அழைக்கப்பட்ட, அதிகாரிகளும் குறிசுடுவோரும் சொந்தப் பணத்தில் வாங்கிய மாதிரி 1890களிலேயே 6 அங்குலக் குழலோடு விற்கப்பட்டது. நீண்ட குழலைக் கண்டவுடன் ‘மார்க் 6’ என்று பாய்ந்தால், சரியான துப்பாக்கியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த கலைஞரை அநியாயமாகக் குறைசொன்னதாக ஆகிவிடும்.

பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘வெப்ளி மார்க் 4’ என்ற பெயரில் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. ஒன்று 1899ஆம் ஆண்டின் .455 ராணுவ ரிவால்வர். மற்றொன்று இரு உலகப் போர்களுக்கு இடையில் வந்த, சற்றே சிறிய .38. இந்த .38ஐப் பார்த்து ராணுவம் தன் தொழிற்சாலையில் செய்துகொண்டதே 1932இல் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு எண் 2. இரண்டும் அண்ணன் தம்பி போல இருப்பதால் தூரக் காட்சியில் பிரிப்பது கடினம். என்ஃபீல்டில் சுத்தியின் மேல் கட்டைவிரல் வைக்கும் கொம்பு இல்லாமல் மழுங்கி இருந்தால் வேலை எளிது: அந்த மாற்றம் 1938இல்தான் வந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அதிகாரி ஒருவர் 1921இல் இந்தக் கொம்பில்லாத ரிவால்வரை மேசை இழுப்பறையிலிருந்து எடுக்கும் காட்சியைக் கண்டால், ஐயமின்றிக் குறித்துக்கொள்ளலாம்.

நெருக்கக் காட்சியில் எழுத்துப் பொறிப்பு படிக்கக் கிடைத்தால் அதைவிட நல்ல சான்று இல்லை. ‘வெப்ளி அண்டு ஸ்காட்’ என்ற பெயர் 1897இல் நிறுவனங்கள் இணைந்த பிறகுதான் தோன்றியது. அதற்கு முன் ‘பி. வெப்ளி அண்டு சன்’. எனவே 1890இல் நடக்கும் கதையில், மாதிரி சரியாகவே இருந்தாலும், ‘ஸ்காட்’ என்ற சொல் குழலின் மேல் தெரிந்தால் அந்தத் துப்பாக்கி பிந்தியது. அமெரிக்காவுக்குப் போன உபரி வெப்ளிகள் பலவற்றில், அங்கே மலிவாகக் கிடைத்த .45 தானியங்கித் தோட்டாவைப் போடுவதற்காக உருளையின் பின்பகுதியைச் சீவிவிட்டார்கள். உருளைக்கும் சட்டகத்துக்கும் இடையே வழக்கத்தைவிட அகலமான இடைவெளி தெரிந்தால், அது அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் டாக்டர் வாட்சனின் ‘பழைய ராணுவ ரிவால்வர்’ பற்றிய கேள்வி தவறாமல் எழும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் அதன் மாதிரி எங்கும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. ஒரு கதையில் ‘ஈலி எண் 2’ என்று வருகிறது. ஈலி என்பது தோட்டா செய்த லண்டன் நிறுவனம், துப்பாக்கி செய்தது அல்ல. வாட்சன் காயமடைந்த, ஆப்கானிஸ்தானின் மைவந்து போர் நடந்தது 1880 ஜூலை 27இல். அன்று வெப்ளி மார்க் 1 பிறக்கவே இல்லை. ராணுவத்தின் பழைய ஆடம்ஸோ, அதிகாரிகள் தாங்களே வாங்கிக்கொண்ட வெப்ளி ஆர்.ஐ.சி.யோதான் பொருத்தம். ஆகவே வாட்சன் வேடம் போட்டவர் கதவு வழியாகத் தோட்டா போடும் ரிவால்வரை வைத்திருந்தால், யாரோ உட்கார்ந்து படித்து வேலை செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

அமெரிக்கப் படங்கள்

இங்கே கேள்வி பெரும்பாலும் கோல்ட்டா, ஸ்மித் அண்டு வெஸ்ஸனா என்பதாகச் சுருங்கிவிடும். குழலுக்குக் கீழே, காலிக்கூடுகளைத் தள்ளும் கம்பியைக் கவனியுங்கள். அதன் முன்முனை குழலின் அடியிலுள்ள ஒரு புடைப்பில் பொருந்தி நின்றால் ஸ்மித் அண்டு வெஸ்ஸன். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் பழைய கோல்ட். உருளையைத் திறக்கும் குமிழை முன்னால் தள்ளினால் ஸ்மித், பின்னால் இழுத்தால் கோல்ட். சுத்தியை இழுக்கும்போது உருளை சுழலும் திசையும் மாறுபடும்: சுடுபவரின் பார்வையில் கோல்ட் கடிகார முள்ளின் திசையில் சுழலும், ஸ்மித் எதிர்த்திசையில். படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இந்தக் கடைசிச் சோதனையை நம்பக் கூடாது. கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தனியார் துப்பறிவாளர் என்றாலே நினைவுக்கு வரும் குட்டைக் குழல் ரிவால்வர், அதாவது கோல்ட்டின் ‘டிடெக்டிவ் ஸ்பெஷல்’, 1927இல் சந்தைக்கு வந்தது. 1930களிலும் 40களிலும் நடக்கும் கதைக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் 1970களின் தொடக்கத்தில் அதன் வடிவத்தை மாற்றி, கீழ்க்கம்பியை மூடும் உறை ஒன்றைக் குழலோடு சேர்த்தார்கள். தொப்பியும் மழைக்கோட்டுமாக 1940இல் நிற்பவரின் கையில், குழலுக்குக் கீழே கம்பி தெரியாமல் கனத்த உறை தெரிந்தால், முப்பது ஆண்டு தள்ளிப் பிறந்த துப்பாக்கி அது. இதற்கு நிகரான ஸ்மித் மாதிரியான ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ 1950இல் வந்தது. அதில் தோட்டா ஐந்துதான். உருளையின் பள்ளங்களை எண்ணினால் போதும்.

தானியங்கிப் பிஸ்டல்களை வேகமாகக் கடந்துவிடலாம். கோல்ட் 1911இன் பழைய வடிவத்தில் கைப்பிடியின் பின்புறம் நேராக இருக்கும், சுட விரலால் இழுக்கும் விசை நீளமாக இருக்கும். 1920களின் நடுவில் வந்த ஏ1 வடிவத்தில் பின்புறம் வளைந்து புடைத்திருக்கும், விசைக்குப் பின்னால் சட்டகத்தில் பிறை போன்ற வெட்டு தெரியும். பல பழைய படங்களில் 1911 என்று நாம் நம்புவது ஸ்பெயினின் ஸ்டார் மாடல் பி; 9 மி.மீ. வெற்றுத் தோட்டாவில் (குண்டில்லாமல் மருந்து மட்டும் உள்ளது) அது சிக்காமல் இயங்கியது என்பதற்காகவே பயன்படுத்தினார்கள். கைப்பிடியின் பின்புறம் உள்ளங்கை அழுத்தும் பாதுகாப்புத் தகடு இல்லையென்றால் அது ஸ்டார்தான். ஜெர்மனியின் வால்தர் பி.பி. வந்தது 1929இல், பி.பி.கே. வந்தது 1931இல்; எனவே 1925இல் பெர்லினில் நடக்கும் கதையில் இரண்டுக்கும் இடமில்லை. தாம்சன் கை இயந்திரத் துப்பாக்கியில் இயக்கும் பிடி மேலே இருந்தால் கள்ளச்சாராயக் காலத்துக்குப் பொருந்தும். பக்கவாட்டில் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால வடிவம்.

அசலா, டம்மியா

ஒரே காட்சியில் ஒரே துப்பாக்கி என்று நாம் எண்ணுவது உண்மையில் இரண்டு மூன்று பொருள்களாக இருக்கலாம். சுடும் காட்சிக்கு வெற்றுத் தோட்டா போட்ட அசல், நெருக்கக் காட்சிக்கு நன்கு துடைத்த அசல் அல்லது நல்ல உலோகப் படி, ஓடி விழும் காட்சிக்கு ரப்பர் வார்ப்பு என்று பிரித்துக்கொள்வது வழக்கம். எனவே ஒவ்வொரு வெட்டுக்கும் தனியாகப் பாருங்கள்.

ரப்பர் என்றால் விசைக்கும் அதன் வளையத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியாது; அங்கே பொருள் அடைத்திருக்கும். குழலின் வாய் ஆழமில்லாமல் ஒரு குழியோடு நின்றுவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த அலங்காரப் படிகளில் (ஸ்பெயினின் டெனிக்ஸ் நிறுவனம் இவற்றுக்குப் பெயர் பெற்றது) விளிம்புகள் மழுங்கியிருக்கும். இரண்டு பாதிகள் சேரும் கோடு கைப்பிடியின் முதுகிலோ குழலின் அடியிலோ ஓடும். காற்றுத் துப்பாக்கிப் பொம்மைகளில் அகன்ற குழலுக்குள், சற்று உள்வாங்கி, மெல்லிய இன்னொரு குழாய் பளபளக்கும். கூட்டல்குறி வெட்டுள்ள திருகு இன்னொரு நல்ல சாட்சி. பிலிப்ஸ் வகைத் திருகு 1930களின் நடுவில்தான் தொழிற்சாலைகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளில் ஒற்றைக்கோட்டு வெட்டுதான் இருக்கும். 1895ஆம் ஆண்டு ரிவால்வரின் கைப்பிடியில் கூட்டல்குறியைக் கண்டால், அந்தப் பொருள் எந்த நாட்டில் எந்தப் பட்டறையில் செய்யப்பட்டது என்று தேடவே வேண்டாம்.

ரிவால்வரை நேராகக் கேமராவை நோக்கி நீட்டும் காட்சி நமக்குக் கிடைக்கும் பரிசு. உருளையின் முன்பக்கத் துளைகளில் ஈயக் குண்டின் உருண்டை முனைகள் தெரிய வேண்டும். இருட்டாக இருந்தால் அது காலி. நட்சத்திரம் போல மடித்த முனை தெரிந்தால் வெற்றுத் தோட்டா. கவனமுள்ள படக்குழுவினர் இந்த ஒரு காட்சிக்காகவே மருந்தில்லாத, குண்டு மட்டும் பொருத்திய போலித் தோட்டாக்களைப் போடுவார்கள். அவற்றைச் சரிவரச் சோதிக்காமல் விடுவது உயிருக்கே ஆபத்து என்பதால்தான் படப்பிடிப்பில் ஆயுதப் பொறுப்பாளர் என்று தனி ஆள் இருக்கிறார்.

தானியங்கியில் இன்னொரு அடையாளம் உண்டு. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லாததால், பின்னால் தள்ளும் அழுத்தம் போதாது. எனவே குழலுக்குள் சிறு துளையுள்ள அடைப்பு வைப்பார்கள். வாய் வழக்கத்தைவிடச் சிறுத்துத் தெரிவது இதனால்தான். ரிவால்வருக்கு இந்தத் தொல்லை இல்லை, விரல்தான் உருளையைச் சுழற்றுகிறது. வரலாற்றுப்படி பிஸ்டல் இருக்க வேண்டிய இடத்திலும் படங்களில் ரிவால்வர் வருவதற்கு இந்த வசதியும் ஒரு காரணம்.

புகை, ஓசை, வசனம்

துப்பாக்கி சரியாக இருந்தும் அது நடந்துகொள்ளும் விதம் தவறாக இருக்கலாம். புகையற்ற வெடிமருந்தை 1884இல் பிரான்ஸ் கண்டது. பிரிட்டனின் கார்டைட் 1889இல் வந்து, ராணுவ ரிவால்வர் தோட்டாக்களுக்கு 1890களின் நடுவில்தான் இறங்கியது. அதற்கு முந்தைய கதையில் மூடிய அறைக்குள் இரண்டு முறை சுட்டால், எதிரே நிற்பவரின் முகம் வெண்புகையில் மறைய வேண்டும். 1883இல் மெல்லிய தீப்பொறியோடு சுத்தமாகச் சுடும் ரிவால்வரை மிகச் சிலரே குறையாகக் காண்கிறார்கள். எனக்கு அது தவறான மாதிரியைவிடப் பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் புகைக்குள் யார் சுட்டது என்று தெரியாமல் போவதே ஒரு துப்பறியும் கதைக்குக் கரு.

ஓசையில், ரிவால்வர் சுட்டவுடன் காலிக்கூடு தரையில் விழும் சத்தம் கேட்டால் அது ஒலிப்பதிவுக்கூடத்தின் கைவரிசை. ரிவால்வர் கூட்டை வெளியே எறியாது. சுத்தி உள்ளே மறைந்திருக்கும் கோல்ட் 1903 போன்ற பிஸ்டலை நீட்டியபடி ‘கிளிக்’ என்று சுத்தியை இழுக்கும் சத்தமும் அப்படியே. ஓசையடக்கிக்குக் காப்புரிமை கிடைத்தது 1909இல். அதற்கு முன் அது வரக் கூடாது. பிறகும் சாதாரண ரிவால்வரில் அது பயன் தராது. உருளைக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி வழியாகச் சத்தம் கசிந்துவிடும். ரஷ்யாவின் நாகன்ட் 1895 இதற்கு விதிவிலக்கு. அதன் உருளை சுடும்போது முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும்.

வசனத்தையும் சோதிக்கலாம். 1941இல் வெளிவந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் வெப்ளி ஃபாஸ்பரி தானியங்கி ரிவால்வரை 45 அளவு, எட்டுத் தோட்டா என்று துப்பறிவாளர் சொல்கிறார். உண்மையில் எட்டுத் தோட்டா கொண்டது .38 வடிவம்; .455 வடிவத்துக்கு ஆறுதான். மூல நாவலில் .38, எட்டு என்று சரியாகவே இருக்கிறது. உருளையின் மேல் வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தைக் கொண்டு அந்தத் துப்பாக்கியை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். 1901இல் சந்தைக்கு வந்தது.

ஆய்வகக் காட்சிகளுக்கும் இதே கண்டிப்பு தேவை. இரண்டு குண்டுகளின் கீறல்களை ஒரே பார்வையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க உதவும் ஒப்பீட்டு நுண்ணோக்கி 1925 வாக்கில் நியூயார்க்கில், கால்வின் காடர்டும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய ஆய்வகத்தில் புழக்கத்துக்கு வந்தது. குண்டின் வரிகளைத் துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்த தனி முயற்சிகள் பிரான்ஸில் 1889இலேயே உண்டு என்பதால் 1895இல் ஒருவர் உருப்பெருக்கியோடு வரிகளை எண்ணலாம். இரட்டைப் பார்வை நுண்ணோக்கியில் பார்த்து ‘இதே துப்பாக்கிதான்’ என்று அறிவிக்க முடியாது. இங்கிலாந்தில் 1927இல் கொல்லப்பட்ட காவலர் கட்டரிட்ஜ் வழக்கில், காலிக்கூட்டின் அடிப்பக்கத்தில் பதிந்த தழும்பைக் கொண்டு வெப்ளி ரிவால்வரை அடையாளம் காட்டியது பெரும் பேச்சானது.

கல்கத்தாவில் நடக்கும் கதைகள்

இந்தியப் பின்னணிக்குச் சட்டம்தான் முதல் அளவுகோல். 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். தொடக்கத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. எனவே 1900இல் வங்காளி இளைஞர் ஒருவர் எளிதாக ரிவால்வரை எடுத்தால், அது எங்கிருந்து வந்தது என்று கதை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 1914 ஆகஸ்ட் 26இல் கல்கத்தாவில் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சியாளர்கள் கைக்குப் போயின. விசைக்கு முன்னால் தோட்டாப் பெட்டியும், துடைப்பக் கட்டை போன்ற உருண்டைக் கைப்பிடியும் கொண்ட அந்த மவுசர், அதற்குப் பிந்தைய வங்காளக் கதைகளில் வருவது பொருத்தமே. தெற்கிலும் இத்தகைய ஆயுதங்கள் வந்து சேர்ந்தன; 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால்தான். சந்திரசேகர ஆசாத்தின் கோல்ட் பிஸ்டலை அலகாபாத் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்; அந்தக் காலப் படம் எடுப்பவருக்கு அதைவிட நல்ல ஒப்பீடு வேறெங்கும் கிடைக்காது.

1943இல் நடக்கும் கல்கத்தாக் கதையில் என்ஃபீல்டு எண் 2 வருவது மிகச் சரி. படை அதிகாரிகளால் நகரம் நிறைந்திருந்த காலம் அது. அமெரிக்கர்களின் 1911 ஏ1கூட வரலாம். ஆனால் இந்தியப் படங்களில் வெப்ளி என்று காட்டப்படுவது சில வேளை நம் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். வெப்ளி .38ஐப் பின்பற்றியே அதைச் செய்தார்கள் என்பதால் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான். அது விற்பனைக்கு வந்ததோ சுதந்திரம் கிடைத்துப் பல பத்தாண்டுகள் கழித்து. ‘ஐ.ஓ.எஃப்.’ (இந்திய ஆயுதத் தொழிற்சாலை) என்ற பொறிப்போ, உருளைத் துளைகளின் சிறுத்த விட்டமோ தெரிந்தால் முடிவுக்கு வந்துவிடலாம்.

எழுதி வைக்கும் முறை

கண்டதை எழுதும்போது காட்சியின் நேரத்தை நிமிடம், நொடியோடு குறித்து, எந்த உறுப்பைக் கண்டு என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘சதுரக் கைப்பிடி, 6 அங்குலக் குழல், திருகு வைத்த முன்குறி, எனவே மார்க் 6’ என்று இருந்தால் மற்றவர் சரிபார்க்க முடியும். கைப்பிடி விரல்களுக்குள் மறைந்து, பூட்டு மட்டும் தெரிந்தால் ‘வெப்ளி வகை, மடிந்து திறப்பது’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். திரைப்படத் துப்பாக்கிகளுக்கென்றே உள்ள இணையத் தரவுத்தளத்தில் பெயர் ஏற்கெனவே இருந்தாலும், அந்தப் பக்கத்தை உங்கள் முடிவை எழுதிய பிறகு திறப்பது நல்லது. பெயரைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால், இல்லாத திருகும் கண்ணுக்குத் தெரியும். லீட்ஸ் நகரிலுள்ள ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கும் புகைப்படங்களும், ஏலக் கூடங்கள் வெளியிடும் இருபக்கப் படங்களும் ஒப்பிடுவதற்கு மிகவும் பயன்படும். அவற்றில் துப்பாக்கியின் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் எந்தப் பக்கம் தெரியும் என்பது நம் கையில் இல்லை.